பதில் தேவையில்லை

சங்கத்தின் நூற்றாண்டு மலர் போன மாதம் வெளிவந்துவிட்டது. வழவழப்பான தாள், முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், அட்டையில் ரயிலிலிருந்து இறங்கும் ஒரு பெண் பிள்ளையின் படம். எழுதியவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. எழுதியவள் நான்தான். பெயர் ஏன் இல்லை என்று என் சித்தி மகளில் தொடங்கிப் பல்கலைக்கழக வாசல் காவலாளி வரைக்கும் துக்கம் விசாரித்துவிட்டார்கள். ஆளுக்கு ஆள் விளக்கம் சொல்லித் தொண்டை வற்றியதுதான் மிச்சம். அதனால் ஒரேயடியாக எழுதித் தொலைக்கிறேன். ஆனால் இது என் கதை இல்லை, சாவியம்மாவின் கதை. என் பெயர் காணாமல் போனது அதன் ஓரத்தில் நடந்த சின்ன விபத்து.

முதலில் சங்கத்தைப் பற்றி. வேலை தேடி எல்லை தாண்டிப் போகும் ஏழைப் பெண் பிள்ளைகள் தரகர்கள் கையில் சிக்கிச் சீரழியாமல் காப்பதற்காகத் துறவுச் சகோதரிகள் தொடங்கியது அது. பல நாடுகளின் ரயில் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் இவர்களுடைய தொண்டர்கள் கையில் மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு நிற்பார்கள். தனியாக இறங்கும் பெண்ணைக் கூப்பிட்டு விசாரித்து, உரியவரிடம் ஒப்படைப்பார்கள். உரியவர் இல்லையென்றால் தங்கள் விடுதியில் சேர்ப்பார்கள். காப்பாற்றவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்; எத்தனையோ பேரை நிஜமாகவே காப்பாற்றினார்கள். காப்பாற்றுவதை எங்கே நிறுத்துவது என்றுதான் அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த வரலாற்றை எழுத என்னை அமர்த்தினார்கள். இருபது வருஷமாக இதே விஷயத்தைத் தோண்டிக்கொண்டிருப்பவள் நான். எனக்குத் தலைகால் புரியவில்லை. பூட்டிய அலமாரிகளையெல்லாம் திறந்துவிடுவதாகச் சொன்ன சங்கத் தலைவி பெரிய மதர், பதிலுக்கு ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார். அதன் நான்காவது விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்: "விடுதிப் பெண்களின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கும் பொருட்டு, அவர்களைப் பற்றிய ஆவணங்களில் உள்ளவற்றை அப்பெண்களிடம் தெரிவிக்கலாகாது." இரண்டு தடவை படித்தேன். அதாவது, ஊரில் யார் வேண்டுமானாலும் தெரிந்துகொள்ளலாம், சம்பந்தப்பட்டவள் மட்டும் தெரிந்துகொள்ளக் கூடாது. புரிந்தும் கையெழுத்துப் போட்டேன். அலமாரி ஆசை யாரை விட்டது.

அலமாரிகளைத் திறந்துவிட வந்தவர்தான் சாவியம்மா. ஐம்பத்தேழு வயது, ஒட்டிய கன்னம், இடுப்பில் ஒரு வளையம், அதில் நாற்பத்து மூன்று சாவி. அவர் வருவது இரண்டு தாழ்வாரத்துக்கு அப்பாலேயே கேட்கும். சாமான் அறை, துணி அறை, ஆவண அறை என்று அவர் திறக்காத பூட்டு அந்த விடுதியில் இல்லை. திறந்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்ததும் இல்லை. மேசையில் ஒரு கடிதம் விரிந்து கிடந்தால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு மடித்து வைப்பார். செத்துப்போனவர்களின் கடிதங்களைப் படித்தே வயிறு வளர்ப்பவள் நான். இவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது.

"இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட உள்ள என்ன இருக்குன்னு பாக்கத் தோணலையா?" என்று கேட்டேன்.

"சாவியத்தான் மேடம் என்கிட்ட குடுத்திருக்காங்க. உள்ள இருக்கறதக் குடுக்கலையே."

வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆவண அறைச் சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம் தொங்கியது. நாற்பத்தொரு வருஷத்துக்கு முந்தைய ஆண்டறிக்கையின் ஒரு பக்கம். தலைப்பு, 'எங்கள் விழிப்பின் வெற்றி'. பதினாறு வயதுப் பெண்ணொருத்தியைத் தன் தங்கை என்று உரிமை கொண்டாடிய தரகி ஒருத்தி ரயிலடியில் முதலைக் கண்ணீர் வடித்துக் கூச்சலிட்டாளாம். நம் தொண்டர் அஞ்சாமல் அந்தப் பெண்ணையே கேட்டாராம். தெரியாது என்று பெண் சொல்லிவிட, தரகியைக் காவலர்கள் அப்புறப்படுத்தினார்களாம். நல்ல விறுவிறுப்பான நடை. மலரின் முதல் அத்தியாயத்தை இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது பெரிய மதரின் விருப்பம். அந்தக் கண்ணாடியைச் சாவியம்மா தினமும் காலையில் ஈரத்துணியால் துடைப்பார்.

"இந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆச்சுன்னு இங்க யாருக்காவது தெரியுமா?" என்று ஒருநாள் பேச்சுவாக்கில் கேட்டேன்.

"வாளியில துணி அலசிக்கிட்டிருக்கு மேடம்," என்றார், அலசியபடியே.

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆனது.

அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போது அக்கா வேலைக்கென்று எல்லை தாண்டிப் போனாள். அக்காவுக்கு அப்போது பதினேழு. ஒன்பது வருஷம் கழித்து அம்மாவும் கண்ணை மூடிய பிறகு, தனியாக நின்ற தங்கையைத் தன்னிடமே வந்துவிடும்படி எழுதினாள். ரயில் மாற வேண்டிய இந்த ஊருக்குத் தானே வந்து காத்திருப்பதாகவும் எழுதினாள். தங்கை இறங்கினாள். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு ஒருத்தி ஓடிவந்தாள். கழுத்தோடு வெட்டிய முடி, பாதி உடைந்த முன்பல், ஆம்பிளை மாதிரி ஒரு கோட்டு. தங்கை மனசில் இருந்த அக்காவுக்கு இடுப்பைத் தாண்டிய சடை. மஞ்சள் பட்டைக்காரம்மா நடுவில் புகுந்து, இவளைத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியலன்னுட்டேன்," என்றார் சாவியம்மா. "நிஜமாவே தெரியல மேடம். அவங்க என் பேரைச் சொல்லிக் கத்தினாங்க. தரகிங்களுக்கு எல்லாப் பொண்ணுங்க பேரும் தெரியும்னு அந்தம்மா சொன்னாங்க. இங்க வந்து படுத்தப்புறம்தான், குரல் அக்கா குரலாட்டம் இருந்துச்சோன்னு ஒரு நெனப்பு."

"ஆபீஸ்ல கேக்கலையா?"

"கேட்டேன். தரகிதான்னுட்டாங்க. அக்காவுக்கு ரெண்டு லெட்டர் எழுதி ஆபீஸ்லயே குடுத்தேன். இங்க எல்லாத் தபாலும் ஆபீஸ் வழியாத்தான். பதில் வரல." துணியைப் பிழிந்து உதறினார். "அது அக்கா இல்லைன்னா, அக்கா என்னைத் தேடியே வரலைன்னு அர்த்தம். அக்காதான்னா, அத்தன பேர் முன்னாடி உன்னத் தெரியாதுன்னு சொன்னவ நான். ரெண்டுல எதுன்னு தெரிஞ்சாப் போதும். எதுவா இருந்தாலும் பரவால்ல."

பரவாயில்லை என்று சொன்ன முகத்தைப் பார்த்தேன். எனக்கு அதை நம்பத் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அவரை விடாமல் பாதுகாத்தார்கள். சொந்த ஊருக்கு எழுதிக் கேட்டு, அங்கே யாரும் இல்லை என்று பதில் வந்ததும் அவருடைய பயண அட்டையில் 'ஆதரவற்றவள்' என்று முத்திரை குத்தினார்கள். இருபத்தொரு வயதானால் வெளியே போகலாம் என்று விதி இருந்தது. எங்கே போவது என்று விதியில் இல்லை. ஆறு வருஷம் தையல் அறையில் படுக்கை விரிப்புக்கு ஓரம் அடித்தார். இருபத்திரண்டு வயதில் வாசலுக்கு மாற்றினார்கள். பன்னிரண்டு வருஷம் அங்கே. அதற்கப்புறம்தான் சாவிக் கொத்து.

வாசல் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரிய கதவில் கையகலத்துக்கு ஒரு சன்னல். பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் அவள் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சீட்டில் எழுதி நாலாக மடித்துக் கொடுக்க வேண்டும். சன்னலில் இருப்பவள் அதைப் பிரிக்காமல் ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அங்கே சொல்வதைத் திரும்ப வந்து சொல்ல வேண்டும்: 'வரலாம்' அல்லது 'அனுமதி இல்லை'. யாரை யார் தேடுகிறார்கள் என்பது வாசல்காரிக்குத் தெரிந்தால் அவள் தரகர்களுக்கு உடந்தையாகிவிடுவாளாம். அந்த வேலைக்கு நம் சாவியம்மாவை விட்டால் வேறு ஆள் ஏது. பன்னிரண்டு வருஷத்தில் ஒரு சீட்டைக்கூட அவர் பிரித்ததில்லை என்று விடுதியில் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

நான் என் பங்குக்கு அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சங்கத்தின் பெருமையே இந்த அட்டைதான். புறப்படும் ஊரில் பெண்ணின் அட்டையை இரண்டாகக் கிழிப்பார்கள். ஒரு பாதி அவள் கையில், மறு பாதி அவளை அழைத்துப்போக வரும் உறவினருக்குத் தபாலில். ரயிலடியில் இரண்டு பாதியும் ஒட்டினால் உறவு. ஒட்டாவிட்டால், அல்லது பாதியே இல்லாமல் வந்தால், தரகு. கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது.

தபால் பதிவேட்டையும் பயணப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மகராசிகள் அந்தப் பாதி அட்டையைப் பெண் ஏறும் அதே ரயிலின் தபால் பையில் போட்டிருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தபால் பை, அது ரயில் நாளன்றுதான் கட்டப்படும் என்பது அந்த ஆபீசின் வழக்கம். பெண் வந்து இறங்கி மூன்று நாள் கழித்துத்தான் அட்டை உறவினர் வீட்டுக்குப் போய்ச் சேரும். ஆக, சொன்ன நேரத்துக்கு ரயிலடிக்கு வந்தவர்களெல்லாம் தரகர்கள். பொறுப்பில்லாமல் நாலு நாள் பிந்தி வந்தவர்கள்தான் யோக்கியமான சொந்தக்காரர்கள். 'தரகர்களிடமிருந்து மீட்கப்பட்டோர்' என்று அந்தப் பதிவேடுகள் அடங்கிய பத்து வருஷத்தில் எழுதிவைத்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் நூற்று நாற்பது பேர் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். ஒரே வித்தியாசம், இவர்கள் அந்தக் குரங்குக்குச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

அந்த நூற்று நாற்பதில் சாவியம்மாவும் ஒருவர். கடைசி அலமாரியை அவரே எனக்குத் திறந்துவிட்டு, வழக்கம்போல எட்டிப் பார்க்காமல் போனார். அதில் பழுப்பு நாடாவால் கட்டிய ஒரு கட்டு. மேலே நல்ல கையெழுத்தில், 'தரகியின் கடிதங்கள். பதில் தேவையில்லை.'

முதல் கடிதத்தோடு ஒரு பாதி அட்டையைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். 'இது நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. அன்றைக்கு இல்லாததால் என்னைப் பிடித்துத் தள்ளினீர்கள். ஒட்டிப் பார்த்துவிட்டு என் தங்கையை அனுப்பி வையுங்கள்' என்று எழுதியிருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் அலுவலகக் குறிப்பு: 'ஆண்டறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. கோப்பில் வைக்கவும்.' நான் போய்ச் சாவியம்மாவின் அட்டையை உருவிவந்து கிழிந்த ஓரங்களைச் சேர்த்துப் பார்த்தேன். பல்லுக்குப் பல் பொருந்தியது. நாற்பத்தொரு வருஷம் யாரும் செய்யாத வேலை, அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் சிவப்பு மைக்காரி உயிரோடு இருந்திருந்தால் நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன்.

கட்டில் அக்காவின் கடிதங்கள் பதினொன்று. அடியில் சாவியம்மா எழுதி ஆபீசில் கொடுத்த இரண்டும் இருந்தன. யாரும் தபாலில் சேர்க்கவே இல்லை. அக்காவும் தங்கையும் இத்தனை காலமும் ஒரே நாடாவுக்குள் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறார்கள். இரண்டாவது கடிதத்தைப் பிரிக்கக் கை போனது. வேண்டாம் என்று திரும்பக் கட்டினேன். என் தொழிலில் முதல் தடவையாக ஒன்றைப் படிக்காமல் வைத்தேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள், பயம்.

பெரிய மதரிடம் போனேன். கெட்டவர் இல்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டார், கண் கலங்கவும் செய்தார்.

"அவகிட்ட இப்ப சொல்லி என்னம்மா ஆகப்போகுது? நிம்மதியா இருக்கா. மனசு ஒடஞ்சு போயிடுவா. அவளப் பாதுகாக்கறது நம்ம பொறுப்பு இல்லையா?"

"நாப்பத்தொரு வருஷமாப் பாதுகாத்தாச்சே மதர்."

"விதி நாலு ஞாபகம் இருக்கில்ல?" என்றார் மெதுவாக.

இருந்தது. ஞாபகம் இருந்ததால்தான் எட்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஒரு புத்தகத்துக்காக, அட்டையில் வரப்போகும் என் பெயருக்காக. ஒவ்வொரு நாள் காலையிலும் சாவியம்மா எனக்கு அலமாரி திறந்துவிட்டு, நாற்காலி துடைத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த எட்டு நாளை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. நான் கிண்டல் பண்ணுகிற கூட்டத்தில் அந்த எட்டு நாள் நானும் சேர்த்தி.

ஒன்பதாம் நாள் விதியை மீறினேன். மீறியது பெரிய மதருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். மறுநாள் சாவியம்மாவே போய், "மேடம் படிச்சாங்க, நான் கேட்டேன்" என்று சொல்லிவிட்டார். பொய் சொல்ல வராதவரோடு குற்றம் செய்தால் இதுதான் கதி. என் பெயர் போனது. மலரின் முதல் அத்தியாயம் இன்றைக்கும் அந்தத் தரகியின் முதலைக் கண்ணீரிலிருந்துதான் தொடங்குகிறது. தபால் பையைப் பற்றி நான் எழுதிய பதினான்கு பக்கத்தை 'இடமின்மை காரணமாக' எடுத்துவிட்டார்கள். போகட்டும்.

அந்த ஒன்பதாம் நாள் காலையில் கதவைச் சாத்திவிட்டு அவரை நாற்காலியில் உட்காரச் சொன்னேன்.

"உங்ககிட்ட நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா எனக்கு வாய்விட்டுப் படிக்கிற பழக்கம்," என்றேன்.

"அப்ப நான் வெளிய இருக்கவா மேடம்?"

"தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கு. உக்காருங்க."

இரண்டு பாதி அட்டையையும் மேசைமேல் சேர்த்து வைத்தேன். அவர் பார்த்தார். கையால் தொடவில்லை. "அக்காதானா," என்றார். அதற்குப் பிறகு மூக்கைச் சிந்திச் சிந்தி நெடுநேரம் அழுதார். படிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் நான் காத்திருந்தேன். "படிங்க மேடம்," என்று அவரேதான் சொன்னார்.

ஒவ்வொன்றாகப் படித்தேன். தங்கைக்குக் கம்பளிச் சட்டை அனுப்பலாமா என்று ஒன்று. தான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தின் முதலாளி நற்சான்று தரத் தயாராக இருக்கிறார் என்று ஒன்று. தனக்குக் கல்யாணம், தங்கையை ஒருநாள் மட்டும் அனுப்ப முடியுமா என்று ஒன்று. எல்லாவற்றின் ஓரத்திலும் அதே சிவப்பு மை. பதினொன்றாவதுதான் கடைசி.

'மதிப்புக்குரிய அம்மா, இனிமேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டேன். போன வாரம் லீவு எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கு வந்தேன். தங்கையின் பெயரைச் சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தேன். சன்னலில் இருந்த பெண் உள்ளே போய்விட்டு வந்து அனுமதி இல்லை என்றாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. வெயிலில் நிற்கிறீர்களே என்று தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இன்னும் ஒரு டம்ளர் வேண்டுமா என்றும் கேட்டாள். என் தங்கையையும் அந்த மாதிரி நல்ல பெண்ணாக வளர்த்திருந்தீர்களானால் எனக்கு அது போதும். அவள் என்னைத் தெரியாது என்று சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை என்று மட்டும் அவளிடம் சொல்லுங்கள்.'

நான் நிமிரவில்லை.

"தேதி என்ன போட்டிருக்கு மேடம்?"

சொன்னேன். இருபத்தொன்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கோடை.

"அப்ப வாசல்ல நான்தான்," என்றார்.

"ஞாபகம் இருக்கா?"

"இல்ல. வந்தவங்க எல்லாருக்கும் தண்ணி குடுப்பேன். யார்னு ஞாபகம் வச்சுக்க?" உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். "என் பேரு எழுதின சீட்டு மேடம். நான்தான் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போயிருக்கேன். நான்தான் திரும்ப வந்து இல்லைன்னு சொல்லியிருக்கேன். ஒரு தடவ பிரிச்சுப் பாத்திருந்தா என்ன? இந்த நேர்மைய வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணினேன்?"

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அக்காவின் கடிதங்கள் எல்லாம் சலவைக்கூடத்து ரசீதுத் தாளின் பின்பக்கத்தில் எழுதியவை. கூடத்தின் பெயரை என் போனில் தேடினேன். இன்னும் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்த ஆளிடம் விவரம் சொன்னதும், "அந்தப் பெரியம்மாவா? வேலைய விட்டு ஏழெட்டு வருஷம் ஆச்சு. பின்னாடி தெருவுலதான் இருக்காங்க. லைன்லயே இருங்க, கூட்டிட்டு வரேன்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனான். எல்லைக்கு அந்தப் பக்கம் பின்தெருவுக்குப் போய் அவரைக் கூட்டிவர அவனுக்குப் பதினொரு நிமிஷம் ஆனது. சாவியம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லணும் மேடம்?"

"தங்கச்சி பேசறேன்னு சொல்லுங்க."

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. "யாரு?" என்றது ஒரு வயசான குரல்.

சாவியம்மா நான் சொல்லிக்கொடுத்ததைச் சொல்லவில்லை. "அக்கா," என்றார். "அன்னைக்கு வாசல்ல தண்ணி குடுத்தது நான்தான்."

இரண்டு கை தூரத்தில் இருந்த எனக்கே கேட்கும்படி வசவு வந்து விழுந்தது. "அடி கழுத, தண்ணிய நீட்டினியே, தலைய நிமித்தி என் மூஞ்சியப் பாத்தியாடி?"

"நீ மட்டும் பாத்தியாக்கும்?" என்றார் சாவியம்மா.

அக்கா தங்கைச் சண்டையில் மூன்றாம் மனுஷிக்கு என்ன வேலை. நான் எழுந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன்.